ஐந்து டம்ளரும் ஒரு மச்சானும்

பீர் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினால் இரண்டு விதமான கடிதங்கள் வரும். ‘இளைஞர்களைக் கெடுக்கிறாயே, நீ உருப்படுவாயா?’ என்று ஒன்று. ‘எல்லாம் எழுதினீர், கடை விலாசத்தை எழுதவில்லையே?’ என்று இன்னொன்று. இரண்டாவது ரகம்தான் அதிகம்!

எனவே இரு தரப்புக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முதல் தரப்பினருக்கு: மதுவில் உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது, முதல் சொட்டிலிருந்தே ஆபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதை மறுக்க எனக்குப் படிப்பும் இல்லை, துணிச்சலும் இல்லை. இரண்டாம் தரப்பினருக்கு: விலாசம் பெங்களூர். அவ்வளவுதான் கிடைக்கும். மேற்கொண்டு படியுங்கள்.

‘க்ராஃப்ட் பீர்’ என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. பெரிய ஃபேக்டரியில் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினால் அது சாதா பீர். ஓட்டலுக்கு உள்ளேயே நாலைந்து எவர்சில்வர் அண்டாக்களை நிறுத்தி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நம் கண்ணெதிரே காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுத்தால் க்ராஃப்ட் பீர். மில் துணிக்கும் கைத்தறிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விலையிலும் அதே வித்தியாசம்தான்.

2009-ல் புனேயில் ‘டூலாலி’ என்ற கடை இதை ஆரம்பித்து வைத்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் பெங்களூர் பிடித்துக்கொண்டது. இப்போது அங்கே தெருவுக்கு ஒரு பிள்ளையார் மாதிரி பேட்டைக்கு ஒரு அண்டா.

மற்றபடி இது ஒன்றும் புது வித்தை இல்லை. ஏறக்குறைய 3,800 வருடங்களுக்கு முன்னால் சுமேரியர்கள் களிமண் பலகையில் பீர்த் தெய்வத்துக்கு ஒரு துதிப்பாடலே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் பெயர் நின்காசி. பாட்டுக்குள்ளேயே செய்முறையும் வந்துவிடுகிறது. 1516-ல் ஜெர்மனியின் பவேரியாவில், பீரில் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஈஸ்ட்டை ஏன் விட்டார்கள் என்றால், அப்படி ஒரு ஜீவராசி வேலை பார்ப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஆபீஸில் கூட அப்படித்தானே... உண்மையில் வேலை பார்ப்பவன் பெயர் லிஸ்ட்டில் வராது!

*

எங்கள் ஆபீஸில் வருடத்துக்கு ஒருமுறை ‘ஒற்றுமை வளர்க்கும் வைபவம்’ உண்டு. ஒரு வருடம் கயிறு இழுத்தோம். ஒற்றுமை வளர்ந்ததோ இல்லையோ, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்த முறை புதுசாக வந்த ஹெச்.ஆர். அம்மணி யோசித்து ஒரு சுற்றறிக்கை விட்டார். காலையில் பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் வழிகாட்டியுடன் நடை. மத்தியானம் இந்திரா நகர் பக்கம் பீர் ருசி பார்த்தல். வீட்டு ஆள் ஒருவரை அழைத்து வரலாம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அந்த வாரம் ரூமில் ஒரு வீட்டு ஆள் இருந்தார். மச்சான்.

அக்கா வாக்கப்பட்டது குமாரலிங்கபுரத்தில். விருதுநகர் மாவட்டத்து மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, குதிரைவாலி, பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். பெய்தாலும் சீமைக்கருவேலம்தான், அது வேறு விஷயம். அந்தக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதுதான் மச்சானின் தொழில். தந்தூரி அடுப்புக்குக் கரி வாங்கும் வியாபாரி ஒருவரைப் பார்க்கத்தான் பெங்களூர் வந்திருந்தார்.

அவர் பஸ் ஏறிய கையோடு அக்கா போன் செய்தாள்.

“தம்பி, ஒரு நாலு நாளு அவரை உன் ரூம்லயே வச்சுக்கய்யா. அங்கன கடையெல்லாம் ரொம்ப தூரமாம்ல?”

என் ரூம் ஜன்னலைத் திறந்தால் மூன்று ஒயின் ஷாப் போர்டு தெரியும். “வரட்டும்க்கா, பார்த்துக்குறேன்” என்றேன்.

அக்கா சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக மச்சானுக்குத் தினசரி ஒரு குவார்ட்டர். அடிதடி, சண்டை ஒன்றும் கிடையாது. குடித்துவிட்டு வந்து சத்தமில்லாமல் படுத்துக்கொள்வார். அவ்வளவுதான். ஆனால் அக்காவின் கல் கம்மல் அருப்புக்கோட்டை அடகுக் கடையில் நாற்பதாயிரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. அக்கா காதில் இப்போது கவரிங். சின்னவன் ஒருநாள், “அம்மா, உன் கம்மல் ஏன் பச்சையாவுது?” என்று கேட்டானாம்.

சுற்றறிக்கையை மேஜை மேல் பார்த்த மச்சானே, “என்ன மாப்ளே, ஊரைச் சுத்திக் காட்டுறாய்ங்களா? நானும் வாரேன்” என்றார். பீர் சமாசாரத்தைச் சொன்னேன். “அதையும் பாப்போம்” என்றார்.

*

காலை ஏழு மணிக்கு கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட் வாசலில் கூடினோம். வழிகாட்டி, சரித்திரம் படித்த சின்னப் பெண். இங்கிலீஷும் கன்னடமும் கலந்து பொரிந்து தள்ளியது. மச்சானுக்கு நான் டப்பிங்.

1537-ல் கெம்பே கவுடா என்ற பாளையக்காரர், விஜயநகரத்துக்கு அடங்கியவர், இந்த ஊருக்கு மண் கோட்டை கட்டினார். இன்றைய அவென்யூ ரோடும் சிக்பேட்டையும் சேருகிற முக்கில் நாலு ஏரைப் பூட்டி, நாலு திசைக்கும் உழச் சொன்னாராம். மாடுகள் போன வழிதான் தெருவாச்சு என்று கதை.

“உழுதாரு சரி. மழை பேஞ்சுச்சாமா?” என்றார் மச்சான்.

மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் அரை நிமிடம் யோசித்துவிட்டு, “யாருமே இதைக் கேட்டதில்லை சார்” என்றது.

வெந்த பயறு கொடுத்த கிழவியால் ‘பெந்த காளூரு’ ஆகி, பிறகு பெங்களூர் ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில் ‘பெங்களூர்ச் சண்டை’ என்று வெட்டியிருக்கிறது. கிழவி பயறு வேக வைப்பதற்கு வெகு காலம் முந்தியே ஊருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு தொழில். அக்கிப்பேட்டை என்றால் அரிசி. பளேபேட்டை என்றால் வளையல். அரளேபேட்டை என்றதும் மச்சான் நின்றுவிட்டார். அரளே என்றால் கன்னடத்தில் பருத்தி. “நம்ம ஊரு கரிசக் காட்டுப் பஞ்சும் இங்கன வந்துருக்கும், என்ன மாப்ளே?” என்றார். வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஊரில் கால் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் அதில் தனக்கு ஒரு பங்கு இருக்கிறதா என்று தேடுகிற மனுஷனை முதல் தடவையாகப் பார்த்தேன்.

பங்கு இருந்தது. திகளர்பேட்டையில் தர்மராய சாமி கோயில். திகளர்கள் என்பவர்கள் தமிழ் வழி வந்த தோட்டக்காரர்கள். சித்திரைப் பௌர்ணமியில் இந்தக் கோயிலிலிருந்து கரகம் கிளம்பி, ராத்திரி முழுக்கப் பேட்டைகளைச் சுற்றி வரும். போகும் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்த்தான் திரும்பும். கரகத்தில் வருவது யார் என்றால், திரௌபதி. “அட, நம்ம திரௌபதை அம்மன்!” என்று மச்சான் சத்தமாகச் சொல்ல, பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி தமிழிலேயே, “வாப்பா, எந்த ஊரு?” என்றது. அப்புறம் அங்கிருந்து அவரைக் கிளப்பப் பத்து நிமிடம் ஆயிற்று.

மண் கோட்டையை ஹைதர் அலி 1761-ல் கல் கோட்டை ஆக்கினார். 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் படை முதலில் பேட்டையைப் பிடித்தது. 21-ம் தேதி கோட்டையை உடைத்தது. மதிலில் ஓட்டை போட்ட இடத்தில் ‘இங்கேதான் உடைத்தோம்’ என்று கல்லில் பொறித்துக்கூட வைத்திருக்கிறார்கள். உடைத்ததற்குக் கல்வெட்டு வைக்கிற ஜாதி வெள்ளைக்காரன் ஒருவன்தான்!

பீர் கதையும் இங்கேதான் சேர்கிறது. 1809-ல் வெள்ளைக்காரன் ஊருக்குக் கிழக்கே கண்டோன்மென்ட் போட்டான். சோல்ஜர் என்றால் தாகம். தாகம் என்றால் பீர். தென்னிந்தியாவில் இருந்த சில பழைய வடிசாலைகளை - அதில் ஒன்று 1857-லிருந்து நடந்து வந்தது - 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்று சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் ஆக்கினார். பெரிய பெரிய பீப்பாய்களை மாட்டு வண்டியில் ஏற்றிப் படைக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்த 1947-ல் விட்டல் மல்லையா டைரக்டரானார். அவர் மகனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பாங்க்காரர்களைக் கேளுங்கள். பழைய வடிசாலை இருந்த இடத்தில் இப்போது ‘யு.பி. சிட்டி’ கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது.

*

மத்தியானம் இந்திரா நகர் போகிற வழியில் தொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலில் வேன் நின்றது. மதுரைக்காரன் எவனும் சொக்கநாதர் என்றதும் திருநீறு எதிர்பார்ப்பான். உள்ளே நிற்பவர் பெருமாள். “பேரு அவருது, ஆளு இவரு. பட்டா எப்படி மாறுச்சு மாப்ளே?” என்று கேட்டார் மச்சான். ஆனால் சுவரில் பழைய தமிழ்க் கல்வெட்டு. அதன்மேல் விரலை ஓட்டி ஓட்டி, ஒரு ‘க’வையும் ஒரு ‘ட’வையும் கண்டுபிடித்துவிட்டார். ஆபீஸ் ஆட்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள்.

வேனில் ஏறியதும் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு, “நம்ம திருச்சுழி கோயிலும் சுந்தரர் பாடுன கோயில்தான மாப்ளே? எவனாவது நம்மளக் கூட்டிட்டுப் போயி இப்படிக் காட்டிருக்கானா?” என்றார்.

நான் என்ன பதில் சொல்வது?

*

இப்போது நீங்கள் காத்திருந்த இடம்.

நீள மரப் பலகையில் ஐந்து குழி. ஐந்து குழியில் ஐந்து சின்ன டம்ளர். டம்ளருக்கு நூறு மில்லி. பலகையைப் பார்த்ததும் மச்சான், “பல்லாங்குழியா?” என்றார்.

ருசி பார்ப்பதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. முதலில் வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் மெதுவாகச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரே ஒரு வாய். அதையும் உடனே விழுங்காமல் நாக்கில் உருட்ட வேண்டும். அப்புறம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் கூட இவ்வளவு சம்பிரதாயம் கிடையாது.

முதல் டம்ளர் கோதுமை பீர். “வாழைப்பழ வாசனை வருதா?” என்றார் ஊற்றிக் கொடுத்தவர். வந்தது. ஆனால் வாழைப்பழமே போடவில்லையாம். அந்த ரக ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது தானாகவே அந்த வாசனையை உண்டாக்குகிறதாம். இரண்டாவது, ஹாப்ஸ் தூக்கலாகப் போட்டது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கும் பூ. பீருக்குக் கசப்பும் மணமும் அதனால்தான். எங்கள் மானேஜர், “பைன் மரம்... ஆரஞ்சுத் தோல்...” என்று கவிதை மாதிரி சொல்லிக்கொண்டே போனார். மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு, “வேப்பம்பூ ரசம். நல்லாருக்கு, சோறு இருக்கா?” என்றார்.

மூன்றாவது கேழ்வரகு. நாலாவது மாம்பழம். ஐந்தாவது ஸ்டவுட். வறுத்த பார்லியில் செய்கிற கறுப்பு பீர். எல்லோரும் வரிசையாக, “காபி” என்றார்கள். “சாக்லெட்” என்றார்கள். ஹெச்.ஆர். அம்மணி, “பாட்டி வீட்டு ஞாபகம் வருது” என்றார். (எந்தப் பாட்டி வீட்டில் கறுப்பு பீர் இருந்ததோ!)

மச்சான் குடிக்கவே இல்லை. மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார். “மாப்ளே, வறுத்ததுல ஒரு பங்கு கருகிப்போச்சு. மூட்டத்துல காத்து புகுந்தா இந்த வாடைதான் வரும்” என்றார்.

மொழிபெயர்க்கத் தயங்கினேன். வழிகாட்டிப் பெண்ணுக்கு அரைகுறைத் தமிழ் புரியும், அது சொல்லிவிட்டது. ஊற்றிக் கொடுத்தவர் உள்ளே போய், காய்ச்சுகிறவரை அழைத்து வந்தார். தாடி வைத்த இளைஞர். மோந்து பார்த்தார், குடித்துப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். “இந்தத் தடவை மால்ட் கொஞ்சம் அதிகமா வறுபட்டதுதான் வந்தது. சமாளிக்கலாம்னு பார்த்தேன். சார் என்ன தொழில்?”

“கரிமூட்டம்.”

பத்து நிமிடம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் நடுவில் தபால்காரன். முதலில் வெள்ளைப் புகை. அது விறகின் ஈரம். அப்புறம் புகை மெலிந்து நீலம் பாயும். அப்போது வாசனை மாறும். அந்த நேரத்தில் மண்ணைப் பூசிக் காற்றை அடைக்க வேண்டும். அரை மணி பிந்தினால் கரி கிடையாது, சாம்பல்தான். ராத்திரி தூக்கத்தில் கூட அந்த வாசனை மாறினால் தனக்கு விழிப்பு வந்துவிடும் என்றார் மச்சான். தாடிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு அந்த இடத்தில் மூக்கை வைத்து நிஜமாகவே பிழைப்பு நடத்துகிறவர்கள் அவர்கள் இருவர்தான்.

*

மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார்.

“உக்காந்து ஒன்றரை மணி நேரமாச்சு. இன்னும் அஞ்சு டம்ளரு முடியலை. நாங்க கடைக்குப் போனா ரெண்டு நிமிஷம். வாங்குனமா, செவுத்து ஓரத்துல நின்னு ஊத்துனமான்னு வந்துருவோம். எவனும் பாத்துரக் கூடாதுல்ல? இவங்க காட்டுறதுக்குக் குடிக்காங்க. நாங்க மறைக்கிறதுக்குக் குடிக்கோம்.”

நான் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். ஐந்து டம்ளர், ஐநூறு மில்லி. சாதாரணமாக நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்கஹால். ஆக 25 மில்லி. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு. ஆக 77 மில்லி. இங்கே ஒன்றரை மணி நேரமாகப் பத்துப் பேர் கூடிப் பேசிப் பேசி ஆளுக்கு உள்ளே இறக்கியதைப் போல மூன்று மடங்கை மச்சான் இரண்டு நிமிடத்தில் தனியாக இறக்குகிறார். அதுவும் தினசரி.

பேப்பரைத் திருப்பி இன்னொரு கணக்கு. தினம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 54,750.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை அவர் பக்கம் தள்ளினேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கம்மலு நாப்பதுதான மாப்ளே?” என்றார்.

அப்புறம் அவராகவே அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். எனக்கு மாமா முறை. பனையேறி. இடுப்பில் பாளை அரிவாள், காலில் தளைநார். பனம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானாகப் புளித்துக் கள். தாடிக்காரரின் அண்டாவில் நடப்பதும் இதேதான்: சர்க்கரை, ஈஸ்ட், பொறுமை. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. மாமா அதோடு சுண்ணாம்புப் பக்கம் மட்டும் நின்றுகொண்டார். ஒரு விரல் சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் ஜெயிலுக்கும் நடுவே. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மதுவை டாஸ்மாக் மூலமாக அரசாங்கமே விற்கிறது. பனைதான் நமக்கு மாநில மரம் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளுக்கடையைத் திறந்துவிட்டால் பாலும் தேனும் ஓடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலும் கலப்படம் உண்டு, அதிலும் குடும்பம் அழிந்த கதை உண்டு. ஆனால் ஒரே ஜீவராசி புளிக்க வைத்த ஒரே சமாசாரம், ஒரு இடத்தில் மரப் பலகையில் ஏறி ‘கலை’ ஆகிறது. ஒரு இடத்தில் சுவரோரம் நின்று அவமானம் ஆகிறது. இன்னொரு இடத்தில் விஷமாகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்களே, அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டவர்கள். மரப் பலகைக்காரர்கள் யாரும் அந்த லிஸ்ட்டில் இல்லை.

புறநானூற்றில் ஔவையார், அதியமான் இறந்தபோது அழுகிறார். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவிட்டுக் கூடவே அருந்துவான் என்று சொல்லி அழுகிறார். ராஜாவும் புலவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டு குடித்த ஊர் இது. சுவரோரம் எப்போது வந்து சேர்ந்தோம் என்று தெரியவில்லை.

*

மச்சான் ஊருக்குப் போன மறு வாரம் அக்கா போன்.

“என்னடா பண்ணி அனுப்புன அவரை? டீயைக் குடுத்தா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்துல பாக்குறாரு, சுத்துறாரு, மோந்து பாக்குறாரு. ‘பால் லேசா அடிப்பிடிச்சிருக்கு’ங்கிறாரு!”

“அடிப்பிடிச்சதாக்கா?”

“பிடிச்சதுதான்... அதுக்காக சொல்லணுமா?”

குடி நின்றதா என்று நீங்கள் கேட்பீர்கள். சினிமாவாக இருந்தால் நின்றிருக்கும். இங்கே நிற்கவில்லை. தினசரி என்பது வாரத்தில் இரண்டு நாள் என்று ஆகியிருக்கிறது. சில வாரம் மூன்று. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் கணக்கே இல்லை. தினசரிப் பழக்கத்தை வீட்டில் வைத்தே சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், ஃபிட்ஸ் எல்லாம் வரலாம் என்பதால், அக்காவே அவரை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் உட்கார வைத்தாள். மச்சான் மறுக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மூன்று மாதத்தில் பதினாலாயிரம் சேர்ந்தது. எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார்கள். “ஒத்தைக் கம்மலையாவது குடுங்க” என்று அக்கா கேட்டாளாம். அப்படியெல்லாம் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். அசலில் வரவு வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கவரிங் கம்மல் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

மச்சான் இப்போது ஒரு திட்டம் வைத்திருக்கிறார். எங்கள் ஹெச்.ஆர். அம்மணியிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறார். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

குமாரலிங்கபுரம் நடை. பதநீர் இறங்கும் மாதத்தில், விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பம். முதலில் கண்மாய்க் கரை. அடுத்து கரிமூட்டம், வெள்ளைப் புகைக்கும் நீலப் புகைக்கும் வித்தியாசம் காட்டப்படும். அங்கிருந்து அருப்புக்கோட்டைத் தறி. பிறகு குண்டாற்றங்கரைத் திருச்சுழி. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில், 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு. மழை பெய்ததா என்ற கேள்விக்கு அங்கே எல்லோருக்கும் பதில் தெரியும்.

பலகையில் ஐந்து டம்ளர் உண்டு. ஒன்று, விடியலில் இறக்கிய பதநீர். இரண்டு, சுண்ணாம்பு ஒரு சிட்டிகை கூடிய பதநீர் - வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று, நுங்கு போட்ட பதநீர். நாலு, கம்மங்கூழ் கரைத்த மோர். ஐந்து, கருப்பட்டிக் காபி. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அபிப்பிராயம் சொல்லலாம். ‘பாட்டி வீட்டு ஞாபகம் வருது’ என்று இங்கே தாராளமாகச் சொல்லலாம், உண்மையாகவே வரும்.

கட்டணம் இன்னும் முடிவாகவில்லை. வழிகாட்டி மச்சான்தான். ஒரே ஒரு நிபந்தனை. பணத்தை அவர் கையில் கொடுக்கக் கூடாது. அக்கா கையில் கொடுங்கள். அது அக்கா போட்ட நிபந்தனை இல்லை; மச்சானே போட்டது.